தண்டோரா எங்கே நின்றது? மல்டிகாஸ்ட் ரூட்டிங்கின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்பதற்காகத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் ஈதர்நெட் பற்றிப் பேசினோம். அதில் போகிற போக்கில் மல்டிகாஸ்ட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். "அது என்ன, அதுக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என்ன ஆச்சு என்பதுதான் சரியான கேள்வி. இணையத்தின் ஆரம்பக்கால யோசனைகளில் இவ்வளவு அழகாகப் பிறந்து, இவ்வளவு பேரை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்த இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. தூக்கம் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் கதையை என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

2012. சென்னையில் ஒரு பங்குத் தரகு அலுவலகம், பெயர் வேண்டாம். நாற்பது டீலர்கள், ஆளுக்கு இரண்டு திரை. பங்கு விலைகள் ஒரு சர்வரிலிருந்து மல்டிகாஸ்ட்டாக எல்லாத் திரைக்கும் போகும். சனிக்கிழமை நெட்வொர்க்கில் ஒரு மாற்றம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம், நன்றாக ஓடியது. திங்கட்கிழமை 9:15-க்குச் சந்தை திறந்தது. 9:16 வாக்கில் திரைகளில் விலைகள் உறைந்து நின்றன. அறையில் ஒரு நொடி அமைதி, அப்புறம் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

என்னோடு வேலை பார்த்த பையன், என்னைவிட எட்டு வயது சின்னவன், ஓடி வந்து சொன்னான்: "அண்ணா, பிங் போகுது. எல்லா மெஷினுக்கும் போகுது. லிங்க் எல்லாம் பச்சையா இருக்கு. ஆனா விலை மட்டும் வரலை."

மல்டிகாஸ்ட்டில் கை வைத்த எவரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பிங் போகிறது, விஷயம் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

முதலில் அடிப்படை. இணையத்தில் நாம் அனுப்புவதெல்லாம் பெரும்பாலும் தபால் மாதிரி. ஒருத்தர் எழுதி ஒருத்தருக்கு அனுப்புவது. ஆயிரம் பேருக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஆயிரம் கடிதம். இன்றைக்கும் நீங்கள் கிரிக்கெட் மேட்ச் நேரலை பார்க்கும்போது அதுதான் நடக்கிறது. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பந்து, அதே ஓவர், தனித்தனிப் பிரதியாக வருகிறது. மல்டிகாஸ்ட் வேறு மாதிரி. அது வாய்க்கால். ஏரியிலிருந்து தண்ணீர் ஒரே ஓட்டமாகக் கிளம்பும். கிளை பிரிகிற இடத்தில்தான் இரண்டாகப் பிரியும். எந்த வயல் கேட்கிறதோ அந்த மடை திறக்கும். அனுப்புகிறவருக்குக் கேட்பவர் பத்துப் பேரா, பத்து லட்சம் பேரா என்பதே தெரிய வேண்டியதில்லை. அவர் ஒரு பிரதிதான் அனுப்புகிறார்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஸ்டீவ் டீரிங். 1980-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், டேவிட் செரிட்டனின் குழுவில் இருந்தார். அவர்கள் 'வி' என்றொரு இயங்குதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்ய வேண்டும். அதற்குள் பேசிக்கொள்ள ஈதர்நெட்டின் மல்டிகாஸ்ட் வசதியைப் பயன்படுத்தினார்கள். ஒரே கேபிளில் எல்லா மெஷினும் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. நடுவில் ரூட்டர் வந்துவிட்டால்? ரூட்டர் அதைத் தாண்ட விடாது. தாண்ட வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்ததுதான் அவருடைய வாழ்க்கை வேலையாக ஆனது. 1985 டிசம்பரில் செரிட்டனும் அவரும் சேர்ந்து ஆர்.எஃப்.சி 966 எழுதினார்கள். 1989 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி 1112 வந்தது. மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஒரு கம்ப்யூட்டர் எப்படிச் சேர்வது, எப்படி அனுப்புவது என்பதற்கு அடித்தளம் அதுதான்.

அந்த ஆவணத்தின் தாராள மனசைக் கவனிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒரு குழுவில் சேரலாம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்புகிறவர் குழுவில் உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை. அனுமதி கேட்க ஆள் இல்லை. படிக்கும்போது ரொம்பப் பிடிக்கும். பின்னால் வந்த சங்கடங்களில் பாதிக்கு விதையும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. மல்டிகாஸ்ட் ஐபி முகவரியில் குழுவைச் சுட்டுவதற்கு 28 பிட். அதை ஈதர்நெட் முகவரிக்குள் அப்படியே பொருத்த வேண்டுமானால் ஐட்ரிப்பிள்ஈ அமைப்பிடமிருந்து 16 முகவரித் தொகுதிகள் வாங்க வேண்டும். அன்றைக்குத் தொகுதி ஒன்று ஆயிரம் டாலர். நெட்வொர்க் ஆட்கள் வழிவழியாகச் சொல்லும் கதை என்னவென்றால், இணைய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் போஸ்டல் ஒரே ஒரு தொகுதிதான் வாங்கினாராம். அதிலும் பாதியைத்தான் டீரிங்குக்குக் கொடுத்தாராம். கதையில் எவ்வளவு மசாலா என்பதைவிட, விளைவு இன்றும் நம் எல்லாருடைய ஸ்விட்சிலும் இருக்கிறது: 28 பிட்டுக்குப் பதில் 23 பிட்தான் ஈதர்நெட் முகவரிக்குள் போகிறது. ஐந்து பிட் காணாமல் போகிறது. அதாவது 32 வெவ்வேறு மல்டிகாஸ்ட் குழுக்களுக்கு ஒரே ஈதர்நெட் முகவரி. உதாரணத்துக்கு, 239.128.0.5 என்று நீங்கள் ஆசையாக ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தால், ஈதர்நெட் பார்வையில் அதுவும் ரூட்டர்கள் ஓஎஸ்பிஎஃப் பேசிக்கொள்ளும் 224.0.0.5-ம் ஒன்றுதான். இதைத் தெரியாமல் முகவரி ஒதுக்கிவிட்டு, "ஏன் சம்பந்தமே இல்லாத போர்ட்டில் எல்லாம் டிராஃபிக் போகுது?" என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

சரி, ரூட்டர்களுக்கு வருவோம். தபால் மாதிரி அனுப்பும்போது ரூட்டர் கேட்கும் கேள்வி, "இது எங்கே போகணும்?" மல்டிகாஸ்ட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, போகுமிடம் பல. ஆகவே ரூட்டர் தலைகீழாகக் கேட்கிறது: "இது எங்கிருந்து வந்தது? அந்த ஆளுக்கு நான் ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் எந்தப் பக்கம் அனுப்புவேன்? அந்தப் பக்கத்திலிருந்துதான் இது வந்திருக்கிறதா?" ஆம் என்றால் மற்ற பக்கங்களுக்கு அனுப்பும். இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இதற்குத்தான் ஆர்பிஎஃப் சோதனை என்று பெயர். நீர்க்கட்டி வேலை பார்ப்பவர் மேல்மடையிலிருந்து வரும் தண்ணீரைத்தான் பாய விடுவார். கீழிருந்து எதிர்த்து வந்தால் அடைப்பார், இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். அதே நியாயம்தான்.

நியாயம் சரி. ஆனால் அந்த "சத்தமில்லாமல்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1988 நவம்பரில் வெய்ட்ஸ்மேன், பார்ட்ரிட்ஜ், டீரிங் மூவரும் டிவிஎம்ஆர்பி என்ற முதல் ரூட்டிங் நெறிமுறையை ஆர்.எஃப்.சி 1075 ஆக வெளியிட்டார்கள். காகிதத்தில் இருந்தது தெருவுக்கு வந்தது 1992-இல். அந்த வருஷம் மார்ச்சில் சான் டியாகோவில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டம். கூட்டத்தின் பேச்சு மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரலையில் ஒலிபரப்பானது. ஸ்டீவ் கேஸ்னரும் டீரிங்கும் அதைப்பற்றி எழுதிய கட்டுரை அதே வருஷம் ஜூலையில் வந்தது. யூட்யூப்புக்கு 13 வருஷம் முன்னால், வெறும் ஒலிதான், அதுவும் விட்டுவிட்டுக் கேட்கும் ஒலி. அப்படித் தொடங்கிய வலைக்கு எம்போன் என்று பெயர் வந்தது. மல்டிகாஸ்ட்டின் முதுகெலும்பு என்று பொருள்.

அன்றைக்கு ரூட்டர் கம்பெனிகளின் பெட்டிகளுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு யுனிக்ஸ் மெஷினில் 'எம்ரவுட்டட்' என்ற மென்பொருளை ஓட்டினார்கள். இரண்டு மெஷின்களுக்கு நடுவில் சுரங்கம். மல்டிகாஸ்ட் பாக்கெட்டைச் சாதாரண பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்து அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து எடுப்பது. முதலில் இந்தச் சுரங்கத்துக்கு ஐபி-யின் 'சோர்ஸ் ரூட்டிங்' என்ற விசேஷ வசதியைப் பயன்படுத்தினார்கள். அந்த வசதி வைத்த பாக்கெட்டைப் பார்த்தாலே வழியிலிருந்த ரூட்டர்கள் தனியாக எடுத்து மெதுவாகக் கையாளும். அதனால் வழிப்போக்கர் எல்லாரும் தாமதமானார்கள். பிறகுதான் ஐபிக்குள் ஐபி என்று உறை போட்டு அனுப்பும் முறைக்கு மாறினார்கள்.

எம்போன் முழுவதற்கும் சேர்த்து ஒதுக்கிய அளவு நொடிக்கு சுமார் 500 கிலோபிட். உங்கள் கையிலிருக்கும் போன் இன்று அதைப்போலப் பல மடங்கை அலட்சியமாகச் சாப்பிடும். அன்று ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த இணைப்பே 1.5 மெகாபிட் என்றால் பெரிய விஷயம். அதனால் ஒரு இடத்தில் நடந்த தப்பு எல்லார் தலையிலும் விடியும்.

இங்கேதான் பிழை தேடும் வரலாறு தொடங்குகிறது. யோசித்துப் பாருங்கள், ஒலி வரவில்லை. எங்கே நின்றது? சாதாரண நெட்வொர்க்கில் ட்ரேஸ்ரூட் என்ற கருவி இருக்கிறது. பாக்கெட்டின் ஆயுளை ஒவ்வொரு படியாகக் கூட்டி அனுப்பும், ஆயுள் முடிந்த இடத்திலிருக்கும் ரூட்டர் "இங்கே செத்துப்போச்சு" என்று தகவல் அனுப்பும். மல்டிகாஸ்ட் பாக்கெட் செத்தால் ரூட்டர் தகவல் அனுப்பக் கூடாது. விதியே அப்படித்தான். காரணமும் நியாயமானது: ஒரு பாக்கெட் ஆயிரம் கிளையாகப் பிரிந்து ஆயிரம் இடத்தில் செத்தால், ஆயிரம் தகவல் ஒரே ஆளின் மேல் வந்து விழும். சாவுச் செய்தியே அந்த ஆளைக் கொன்றுவிடும். அதனால் மௌனம். மல்டிகாஸ்ட் சாவதெல்லாம் அநாதைச் சாவு.

இதில் ரொம்பச் சாதாரணமான ஒரு சாவைச் சொல்கிறேன். ஒரு புரோகிராம் மல்டிகாஸ்ட் அனுப்பும்போது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்தப் பாக்கெட்டின் ஆயுள் 1. முதல் ரூட்டரிலேயே முடிந்துவிடும். எம்போனில் இந்த ஆயுள் எண்ணையே எல்லைக்கல்லாகவும் வைத்திருந்தார்கள்: 32 என்றால் உங்கள் வளாகத்துக்குள், 64 என்றால் வட்டாரம், 128 என்றால் கண்டம், 255 என்றால் உலகம். ஒவ்வொரு சுரங்க வாசலிலும் ஒரு வரம்பு. அதற்குக் கீழே இருந்தால் உள்ளே விடாது, காரணமும் சொல்லாது.

இந்த மௌனத்தை உடைக்க வந்த கருவி எம்ட்ரேஸ். பில் ஃபென்னரும் ஸ்டீவ் கேஸ்னரும் அதன் வரைவை எழுதினார்கள். எனக்கு இந்தக் கருவி மேல் தனிப் பிரியம் உண்டு, காரணம் அது கேள்வியைத் திருப்பிப் போட்டது. அனுப்புகிற இடத்திலிருந்து தேடினால் கிளை எத்தனையோ, எதில் போவது? கேட்கிற இடத்திலிருந்து மேல்நோக்கிப் போனால் பாதை ஒன்றுதான். தண்ணீர் வராத வயல்காரர் ஏரிக்கரையில் போய் நின்று தேட மாட்டார், தன் வயலிலிருந்து வாய்க்காலைப் பிடித்து மேலே நடப்பார் இல்லையா? எம்ட்ரேஸ் அதைத்தான் செய்தது. கேட்பவருக்குக் கடைசி ரூட்டரில் தொடங்கி, ஒவ்வொரு ரூட்டரும் தன் குறிப்பை எழுதி மேலே உள்ளவரிடம் கொடுக்கும்: எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது, இதுவரை எத்தனை பாக்கெட். பிரச்சினை இருந்தால் அதற்கும் ஒரு குறியீடு. தப்பான பக்கம் வந்தது, மேலே அடைத்துவிட்டார்கள், எல்லைக்கல் தடுத்தது, மல்டிகாஸ்ட்டே இங்கே இல்லை என்று. முதலாவது ரூட்டரை எட்டியதும் மொத்தக் குறிப்பும் கேட்டவருக்குத் திரும்பும். பத்து வினாடி கழித்து இன்னொருமுறை கேட்டு, இரண்டு கணக்கையும் கழித்துப் பார்த்தால் எந்த இரண்டு ரூட்டருக்கு நடுவில் எவ்வளவு தொலைந்தது என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு குறை. வழியிலிருக்கும் எல்லாரும் எம்ட்ரேஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. உங்கள் வயல் காய்வதற்கு நாலு ஊர் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவர் காரணமாக இருக்கலாம், அவருக்குத் தன் ஊரில் எந்தக் குறையும் தெரியாது. மல்டிகாஸ்ட்டின் தலையெழுத்தைத் தீர்மானித்தது வேகமோ விலையோ அல்ல, இதுதான் என்பது என் கணிப்பு.

மடை அடைக்கும் பிரச்சினையைப் பாருங்கள். டிவிஎம்ஆர்பி-யின் முறை முதலில் எல்லா மடையையும் திறந்துவிடுவது. வேண்டாதவர்கள் "போதும், அடைத்துவிடு" என்று மேலே சொல்வார்கள். இதற்கு ப்ரூன் என்று பெயர், கிளை வெட்டுவது. ஆரம்பக்கால எம்ரவுட்டட்டில் இந்தப் பாதி இல்லவே இல்லை. திறப்பது மட்டும்தான். புதிய பதிப்புகள் வந்து ப்ரூன் வந்த பிறகும் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கம் யாருமே கேட்காவிட்டாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் சிஸ்கோ ரூட்டர்களில் இதற்கென்றே ஒரு கட்டளை வந்தது: மடை அடைக்கத் தெரியாத பக்கத்து ரூட்டரோடு உறவே வேண்டாம் என்று சொல்வதற்கு. ஒரு கட்டளை ஏன் இருக்கிறது என்று கேட்டாலே ஒரு சண்டையின் கதை கிடைத்துவிடும்.

இன்னொரு கட்டளை இதைவிட ருசியானது. அதன் பெயரில் 'ரூட்ஹாக்' என்று வரும். பந்தியில் உட்கார்ந்து மொத்தச் சோற்றையும் தன் இலைக்கு இழுப்பவரை ஆங்கிலத்தில் அப்படித்தான் திட்டுவார்கள். சாதாரண இணையத்தின் வழிகளையெல்லாம் யாராவது ஒருவர் தன் ரூட்டரில் தப்பாக ஒரு வரி போட்டு எம்போனுக்குள் கொட்டிவிடுவார். எம்போனின் வழிப்பட்டியல் சில ஆயிரம்தான். டிவிஎம்ஆர்பி பழைய பாணி நெறிமுறை, முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். 32 என்றால் அதற்கு முடிவிலி. அதில் பல்லாயிரம் வழிகள் வந்து விழுந்தால் என்ன ஆகும்? ஒரு நிமிஷத்துக்குள் 10,000 வழிகளுக்கு மேல் வந்தால் எச்சரிக்கை எழுது என்பதுதான் அந்தக் கட்டளையின் இயல்பு அளவு. தானே 7,000-க்கு மேல் பரப்பாதே என்று இன்னொரு வரம்பு. எவனோ ஒருவன் செய்ததை உலகம் முழுக்க அனுபவித்த பிறகுதான் இப்படி எண்கள் போட்டுக் கட்டளைகள் எழுதுவார்கள்.

எம்போனில் சந்தோஷமான நாட்களும் இருந்தன. 1993 ஜூன் 24-இல் சிவியர் டயர் டேமேஜ் என்ற இசைக்குழு, ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து நேரலையாக வாசித்தது. கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் பொழுதுபோக்காக நடத்திய குழு. மார்க் வைஸர்தான் டிரம்ஸ். அடுத்த வருஷம் நவம்பர் 18-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் டல்லஸ் கச்சேரியிலிருந்து 20 நிமிஷம் எம்போனில் வந்தபோது, அதற்குச் சற்று முன்னால் இதே குழு தாங்களாகவே நுழைந்து வாசித்துவிட்டது! யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதானே விதி. உலகப் புகழ்பெற்ற குழுவின் மேடையில் நாலு ஆராய்ச்சியாளர்கள் ஏறி வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அதே 1994-இல் டீரிங், டெபோரா எஸ்ட்ரின், டினோ ஃபரினாச்சி, வான் ஜேக்கப்சன் முதலானோர் சேர்ந்து பிம் என்ற புதிய கட்டமைப்பை முன்வைத்தார்கள். தனியாக வழிப்பட்டியல் வைக்காமல், இருக்கிற சாதாரணப் பட்டியலையே ஆர்பிஎஃப் சோதனைக்குப் பயன்படுத்துவது. அதன் 'ஸ்பார்ஸ்' வகையில் மடையைத் திறந்துவிட்டு அடைக்கச் சொல்வதில்லை, கேட்டால்தான் திறப்பது. கேட்பவரும் அனுப்புபவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஆர்பி என்றொரு சந்திப்பு ரூட்டர். வேகமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இன்றைக்கும் மல்டிகாஸ்ட் ஓடுகிற பெரும்பாலான இடத்தில் ஓடுவது இதுதான்.

புதிய நெறிமுறை, புதிய வலிகள். சுரங்கம் ஒரு பக்கம் வருகிறது, சாதாரணப் பட்டியல் வேறு பக்கம் கைகாட்டுகிறது என்றால் ஆர்பிஎஃப் எல்லாவற்றையும் கீழே போடும். பிங் ஒழுங்காகப் போகும், அதுதான் கொடுமை. அப்புறம் அந்தச் சந்திப்பு ரூட்டர் யார் என்று எல்லாருக்கும் எப்படித் தெரிவிப்பது? சிஸ்கோ ஒரு வழி செய்தது: அந்தச் செய்தியையே மல்டிகாஸ்ட்டில், 224.0.1.39, 224.0.1.40 என்ற இரண்டு குழுக்களில் அனுப்புவது. நல்லது. ஆனால் குழுவில் சேர ஆர்பி யாரென்று தெரிய வேண்டும், ஆர்பி யாரென்று தெரிய குழுவில் சேர வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதை. இதைத் தீர்க்க, ஆர்பி தெரியாத குழுவுக்கு மட்டும் பழைய பாணியில் எல்லா மடையையும் திறந்துவிடலாம் என்று ஒரு கலப்பு முறை வைத்தார்கள். அதன் பலன்: ஒருநாள் ஆர்பி ரூட்டர் செத்தால், எல்லாக் குழுவும் "ஆர்பி தெரியாத குழு" ஆகிவிடும். மொத்த நெட்வொர்க்கிலும் வெள்ளம். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து அடுத்த நோய் ஆவது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆர்பி. நிறுவனங்களுக்கு நடுவில்? ஒரு ஆர்பி தன் பக்கம் புதிதாக அனுப்ப ஆரம்பித்த ஒவ்வொருவரைப் பற்றியும் மற்ற எல்லா ஆர்பி-க்கும் சொல்லும், எம்எஸ்டிபி என்ற நெறிமுறையில். தண்டோராக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தண்டோரா போட்டுக்கொள்வது மாதிரி. 2001 ஜனவரியில் ராமென் என்றொரு புழு வந்தது. ரெட் ஹாட் லினக்ஸ் மெஷின்களில் புகுந்து, அங்கிருந்து அடுத்த இரையைத் தேடி முகவரிகளைத் துழாவும். ஒரு பகுதியை எடுத்தால் அதிலுள்ள 65,536 முகவரிகளையும் தட்டிப் பார்க்கும். அந்தப் பகுதிகளில் மல்டிகாஸ்ட் முகவரிகளும் வந்தன. புழு எழுதியவர் மல்டிகாஸ்ட்டைத் தாக்க நினைக்கவே இல்லை. ஆனால் ரூட்டரின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மெஷின் பல்லாயிரம் புதிய குழுக்களுக்கு ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது! ஒவ்வொன்றுக்கும் ஆர்பி-யிடம் பதிவு; ஒவ்வொரு பதிவும் உலகத்திலுள்ள எல்லா ஆர்பி-க்கும் அறிவிப்பு. ரூட்டர்களின் நினைவகம் நிரம்பியது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற அதே தாராள விதி. இசைக்குழு நுழைந்த அதே வாசல் வழியாகப் புழுவும் நுழைந்தது. 2003 ஜனவரி 25-இல் ஸ்லாம்மர் புழு வந்தபோதும் அது தாறுமாறாக எறிந்த முகவரிகளில் மல்டிகாஸ்ட் அகப்பட்டு அதே கூத்து.

அதற்கு முன்பே படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் கிறிஸ்டோஃப் டியோவும் உடன் எழுதியவர்களும், மல்டிகாஸ்ட் ஏன் எதிர்பார்த்தபடி பரவவில்லை என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: யார் சேரலாம் என்று கட்டுப்படுத்த வழியில்லை, முகவரி ஒதுக்க ஒழுங்கில்லை, நிர்வகிக்கக் கருவியில்லை. ஸ்டான்ஃபோர்டிலேயே, அதே செரிட்டன், ஹியூ ஹோல்புரூக்கோடு சேர்ந்து 1999-இல் ஒரு மாற்று சொன்னார். குழுவின் பெயரை மட்டும் சொல்லிச் சேராதே, "இன்னாரிடமிருந்து வரும் இன்ன குழு" என்று சொல்லிச் சேர். ஆர்பி வேண்டாம், எம்எஸ்டிபி வேண்டாம். பிழை தேடும் வேலை பாதியாகக் குறையும், ஏனென்றால் தேட வேண்டிய பாதை முதலிலேயே தெரியும். மாணவரோடு சேர்ந்து 1985-இல் திறந்த கதவை, இன்னொரு மாணவரோடு சேர்ந்து அவரே பாதி மூடினார். 2020 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி 8815 வந்து, நிறுவனங்களுக்கு நடுவில் பழைய "யார் வேண்டுமானாலும்" முறை இனி வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எம்ட்ரேஸின் இரண்டாம் பதிப்புக்கு ஆர்.எஃப்.சி எண் கிடைத்ததே 2018-இல்தான். நோயாளி போகப்போகிற நேரத்தில் ஸ்டெதஸ்கோப்புக்கு முத்திரை.

அப்படியானால் மல்டிகாஸ்ட் செத்துவிட்டதா? இல்லை. வேலி போட்ட தோட்டங்களில் செழிப்பாக இருக்கிறது. இணைப்புக் கம்பெனிகள் தங்கள் சொந்த வலைக்குள் டிவி அனுப்புகிறார்கள், பங்குச் சந்தைகள் விலை அனுப்புகின்றன. வேலிக்குள் இருக்கும் எல்லா ரூட்டரும் ஒரே ஆளுடையது, பிழை தேட யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. டீரிங் பின்னால் ஐபிவி6 வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆனார். அதில் பிராட்காஸ்ட்டே கிடையாது, பக்கத்து மெஷினைத் தேடுவதுகூட மல்டிகாஸ்ட்தான். உங்கள் வீட்டு வைஃபையில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலைத் தாண்டாது, அவ்வளவுதான்.

இனி அந்தத் திங்கட்கிழமை. எங்களுடையதும் வேலி போட்ட தோட்டம்தான், மொத்தமும் எங்கள் கையில். அப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சனிக்கிழமை செய்த மாற்றம் இது: விலை சர்வரை டீலர்கள் இருக்கும் அதே விலானுக்குள் கொண்டுவந்தோம். அதற்கு முன் நடுவில் ரூட்டர் இருந்தது. இனி ரூட்டருக்கு இதில் வேலையில்லை, பிம் வரியை எடுத்துவிடு என்று நான் சொன்னேன். பையன் எடுத்தான். ஒன்பதரைக்கு மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, "கடைசியா யார் கை வெச்சது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றான் பையன். அவர் பேசிய பேச்சை இங்கே சொல்ல வேண்டாம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நான் சொல்லித்தான் எடுத்தான்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை. அப்போது எனக்கு உண்மையிலேயே அந்த வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம், சர்வர் மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்தேன். அது ஒரு சாக்கு. காரணம் எதுவாக இருந்தாலும் கேள்வி யார் கை வைத்தது என்பதுதானே.

டீலர்கள் மென்பொருளை மூடித் திறந்தால் விலை வரும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். மறுபடி மூடித் திறப்பார்கள். நான் சர்வரைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பையன் ஒரு மூலையில் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரே மெஷினைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பத்தே முக்காலுக்கு வந்து சொன்னான்: "அண்ணா, ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் இருபது செகண்ட்ல நிக்குது. ஒரு தடவைகூட மாறலை."

260 வினாடி. அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்விட்ச், யார் எந்தக் குழுவைக் கேட்கிறார்கள் என்பதை ஒட்டுக்கேட்டு வைத்துக்கொண்டு அந்தந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஆனால் கேட்கிறவர்கள் தாங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டார்கள், யாராவது 125 வினாடிக்கு ஒருமுறை "இன்னும் யாராவது கேக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். இரண்டுமுறை பதில் இல்லாமல் போய், இன்னொரு பத்து வினாடியும் கடந்தால் ஸ்விட்ச் அந்த மடையை அடைத்துவிடும். இரண்டு 125, ஒரு பத்து: 260. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்? நான் எடுக்கச் சொன்ன அந்த பிம் வரி. ரூட்டருக்கு விலையைக் கடத்தும் வேலை போயிருந்தது, கூப்பிட்டு விசாரிக்கும் வேலை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சோதித்தது இரண்டு நிமிஷம்.

ஸ்விட்சிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கவைக்க ஒரு வரி உண்டு. போட்டோம். பத்து ஐம்பதுக்கு விலை வந்தது, அப்புறம் நிற்கவில்லை. மாலையில் நான் எழுதிய அறிக்கையில், அந்த வரியை எடுக்கச் சொன்னது நான், கண்டுபிடித்தது அவன் என்று எழுதினேன். அறிக்கையை யார் படித்தார்கள் என்று தெரியவில்லை. காலைக் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள்.

இந்த எபிசோடைப் பதிவு செய்வதற்கு முன்னால் அவனுக்கு போன் செய்து, சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்கண்ணா, ஆனா பத்தே முக்கால் இல்லை, பத்து நாற்பது" என்றான். திருத்திக்கொள்ளுங்கள்.